காற்றுக்கு எந்தத் துறை?

அஸ்கோவ்

டென்மார்க்கின் காற்று மின்சாரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் கடலுக்குள் வரிசைகட்டி நிற்கும் பெரிய காற்றாலைகளைத்தான் தேடிப் போவார்கள். கதை தொடங்கியதோ வயல்களுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடத்தில். யூட்லாந்து தீபகற்பத்தின் தென்பாதியில், கோங்கே ஆற்றுக்குச் சற்று வடக்கே இருக்கிறது அஸ்கோவ். 1864 போரில் ஷ்லெஸ்விக் பகுதியை இழந்த பிறகு நாட்டின் எல்லை இந்த ஆற்றங்கரைக்கே வந்துவிட்டது. எல்லைக்கு அப்பால் போய்விட்ட ரோடிங் என்ற ஊரின் மக்கள் உயர்பள்ளி 1865-இல் இங்கே இடம்பெயர்ந்தது. தேர்வு கிடையாது, பட்டம் கிடையாது. உழவர் வீட்டுப் பிள்ளைகள் வந்து தங்கி வரலாறும் இலக்கியமும் அறிவியலும் படித்துவிட்டு ஊர் திரும்புவார்கள். குருண்ட்விக் என்ற பாதிரியாரின் கல்விக் கொள்கையிலிருந்து பிறந்த பள்ளிகள் இவை. எல்லையின் நினைவு இப்பகுதியின் சாப்பாட்டிலும் இருக்கிறது. ஜெர்மன் ஆட்சிக்குள் போன டேனியர்கள் கூடிப் பேசிய சமூகக் கூடங்களுக்கு மது விற்க உரிமம் கிடைக்கவில்லை. ஆகவே காப்பியும் அதற்குத் துணையாக மேசை கொள்ளாத கேக் வகைகளும் விருந்தாயின. ரை ரொட்டியைத் துருவிச் செய்த அடுக்கு கேக் இன்றும் அந்த மேசையில் முதல் மரியாதைக்குரியது.

இந்தப் பள்ளிக்கு 1878-இல் ஆசிரியராக வந்தவர் பவுல் லா கூர். வானிலை ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர். தந்தித் தொழில்நுட்பத்தில் புதியன கண்டவர். 1891-இல் அரசின் பண உதவியோடு பள்ளி வளாகத்திலேயே ஒரு சோதனைக் காற்றாலை கட்டினார். 1897-இல் அதைவிடப் பெரிதாக இன்னொன்று. அவரை உந்தியது இயற்பியல் கேள்வி அல்ல. நகரங்களுக்கு மின்விளக்கு வந்துகொண்டிருந்தது. கிராமத்துக்கு அது வராமலே போனால் இளைஞர்கள் ஊரில் தங்க மாட்டார்கள் என்ற கவலைதான். அதிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள் கிளைத்தன. காற்று நின்றால் விளக்கு என்னாகும்? மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனைத் தொட்டியில் சேர்த்து, அதை எரித்துப் பள்ளிக்கு விளக்கேற்றினார். ஹைட்ரஜனோடு சிறிது ஆக்சிஜன் கலந்துவிட்டால் வெடிக்கும். பள்ளியின் ஜன்னல் கண்ணாடிகள் ஒரு முறைக்கு மேல் அப்படித் தெறித்திருக்கின்றன. காற்று கூடிக் குறையும்போது டைனமோவின் வேகம் தடுமாறாமல் இருக்கப் பட்டை, கப்பி, எடைக்கல் இவற்றை மட்டும் வைத்து ஒரு சீராக்கி செய்தார். கிராமத்துக் கொல்லனே பழுது பார்த்துவிடக்கூடிய எளிமை அதில் இருந்தது.

தூய ஆற்றலைப் பல்கலைக்கழகத்தில் எப்படிக் கற்றுத்தருவது என்று இன்று எல்லா நாடுகளிலும் பேசுகிறார்கள். நம் ஊரில் இதற்குப் பழகிப்போன விடை, மின்பொறியியல் மாணவருக்குச் சுற்றுச்சூழல் பாடம் ஒன்றையும் பொருளியல் பாடம் ஒன்றையும் கூடுதலாகச் சேர்ப்பது. டென்மார்க்கை மேற்கிலிருந்து கிழக்காகக் கடக்கும்போது தெரிவது வேறு ஒன்று. எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத ஒரு கேள்வியை மாணவர் முன்னால் வைத்து, அதன் விடைக்கு ஓர் ஊரிடம் பொறுப்புச் சொல்லும்படி செய்வதுதான் துறைகளைக் கடந்த கல்வி. பாடங்களை அடுக்குவது அல்ல. அஸ்கோவ் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளி போன்றதுதானே, பல்கலைக்கழகத்துக்கு அது எப்படி எடுத்துக்காட்டாகும் என்று கேட்கலாம். லா கூர் 1904-இல் அங்கே நடத்திய கிராம மின்பணியாளர் வகுப்பில் படித்தவர்களில் ஒருவர் யோஹான்னஸ் யூல். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1957-இல், கெட்ஸர் என்ற தென்கோடி ஊரில் 200 கிலோவாட் காற்றாலையை வடிவமைத்தவர் அவர்தான். மூன்று இறக்கை, வேகம் மிஞ்சினால் தானே திரும்பித் தடுக்கும் இறக்கை நுனி, நேரடியாக மின்கட்டமைப்போடு இணையும் எளிய ஜெனரேட்டர். உலகம் பின்னாளில் டேனிஷ் வடிவம் என்று அழைத்ததன் அடிப்படை அது. வகுப்பறை ஒன்றின் விளைச்சல் ஐம்பது ஆண்டு கழித்தும் வரலாம் என்பதைப் பாடத்திட்டக் குழுக்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

உல்ஃபோர்க்

வடமேற்கே போகப் போக நிலம் தட்டையாகிறது. மணற்பாங்கான பூமி, புதர்க்காடு, வடகடலிலிருந்து ஓயாமல் வீசும் மேல்காற்றுக்குக் கிழக்கே சாய்ந்தே வளர்ந்த மரங்கள், தாழ்ந்த கூரை வீடுகள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்றை அறிந்தவர்களுக்கு மரங்களின் அந்தச் சாய்வு புதிதல்ல, குளிர்தான் புதிது. உல்ஃபோர்க் அருகே ட்வின் என்ற இடத்தில் ஒரு பள்ளித் தொகுதியின் ஆசிரியர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து 1975-இல் தொடங்கி 1978-இல் முடித்த காற்றாலை இன்னும் சுற்றுகிறது. கான்கிரீட் கோபுரம், 54 மீட்டர் விட்டத்தில் சுழலும் மூன்று கண்ணாடி இழை இறக்கைகள், 2 மெகாவாட் வடிவமைப்பு. அன்றைக்கு உலகிலேயே பெரியது. ஆசிரியர்கள் தங்கள் சம்பளத்தைப் பொதுவில் போட்டுச் செலவைச் சமாளித்தார்கள். பெரிய பாகங்கள் பலவும் வேறிடத்தில் உழைத்து ஓய்ந்தவை. இறக்கைகளை மட்டும் அங்கேயே, கையாலேயே வார்த்தார்கள்.

1973 எண்ணெய் நெருக்கடியின்போது டென்மார்க் தன் ஆற்றல் தேவையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்குக்கு இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்தது. அணுமின் நிலையம் கட்டுவதா என்று நாடே வாதிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், வாதத்துக்குப் பதிலாக ஓர் இயந்திரத்தை நிறுத்திக் காட்டலாம் என்று இவர்கள் முடிவு செய்தார்கள். பொறியாளர்கள் இல்லாமல் அது நடந்துவிடவில்லை. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் ரிசோ அணு ஆய்வகத்திலும் இருந்தவர்கள் கணக்கிட்டுத் தந்தார்கள். இறக்கையின் அடிப்பகுதியை நடுக்குடத்தோடு பிணைக்க இங்கே கண்ட முறை பின்னால் வந்த இறக்கைத் தயாரிப்பாளர்களுக்கும் உதவியது. இந்தப் பள்ளி இயக்கத்தின் தலைமை பிற்காலத்தில் நிதி முறைகேட்டு வழக்குகளில் சிக்கியது. அந்தக் காற்றாலையின் மதிப்பை அது குறைத்துவிடாது. ஆனால் உற்சாகத்தை மட்டும் நம்பி ஒரு கல்வி அமைப்பைக் கட்டக்கூடாது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

ஆழ்ந்த நிபுணத்துவமே போதாதா என்ற எதிர்வாதத்துக்கு இங்கிருந்து தெற்கே, எல்லை தாண்டிய வடகடற்கரையில் ஒரு பதில் இருந்தது. ஜெர்மனி 1983-இல் அங்கே குரோவியான் என்ற காற்றாலையை நிறுவியது. நூறு மீட்டர் விட்டம், 3 மெகாவாட், பெரிய நிறுவனங்களின் தேர்ந்த பொறியாளர்கள், அரசின் தாராளமான பணம். சில நூறு மணி நேரம் மட்டுமே ஓடி 1987-இல் நின்றுபோனது. அதன் குறை அறிவுப் பஞ்சம் அல்ல. ஒரே தாவலில் பெரிய இயந்திரத்தைக் கட்டிவிடலாம் என்ற எண்ணம். ஓட்டிப் பார்த்து, உடைந்ததைப் பார்த்துத் திருத்துபவர்களும் வரைபடம் போடுபவர்களும் வெவ்வேறு உலகத்தில் இருந்தார்கள். ட்வினிலோ 2 மெகாவாட்டுக்கு வடிவமைத்ததைப் பெரும்பாலும் அதன் பாதியளவிலேயே ஓட்டினார்கள். கட்டியவர்களே காவலுக்கும் பராமரிப்புக்கும் நின்றதால் வந்த நிதானம் அது.

ஆல்போர்க்

லிம்ஃபியோர்டின் கரையில் சிமென்ட் ஆலைப் புகைபோக்கிகளோடு தெரிகிற இந்த ஊரின் பல்கலைக்கழகம் 1974-இல் தொடங்கியது. தொடக்கத்திலிருந்தே ஒரு விதி: ஒவ்வொரு பருவத்திலும் மாணவரின் நேரத்தில் ஏறத்தாழ பாதி, குழுவாகச் செய்யும் ஒரு திட்டப்பணிக்கு. கேள்வியை மாணவர்களே கண்டெடுக்க வேண்டும். அது வெளியுலகில் உண்மையிலேயே இருக்கும் சிக்கலாக இருக்க வேண்டும். குழுவுக்கென்று மேசையும் பலகையும் உள்ள அறை. மதியம் ரை ரொட்டித் துண்டின் மேல் ஈரல் பசையோ ஊறவைத்த ஹெர்ரிங் மீனோ வைத்துத் தின்றுகொண்டே வாதம் தொடரும். பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். சார், மேடம் என்று எழுந்து நின்று பழகிய நமக்கு அது முதலில் உறுத்தும். உங்கள் கணக்கில் இந்த இடம் சரியில்லை என்று பத்தொன்பது வயதுப் பெண் பேராசிரியரிடம் தயங்காமல் சொல்வதற்கு அந்த வழக்கமும் ஒரு காரணம் என்று போகப் போகப் புரிகிறது.

நகரமும் இந்தக் கல்விக்குப் பாடப்பொருள். டேனிஷ் வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குத் தெருவுக்கடியில் ஓடும் வெந்நீர்க் குழாய்கள் வழியாகத்தான் குளிர்காலச் சூடு வருகிறது. ஆல்போர்க்கில் சிமென்ட் ஆலையின் கழிவு வெப்பமும் அந்தக் குழாய்களுக்குள் போகிறது. காற்று மிகுதியாக வீசும் இரவில் தேவைக்கு மேல் மின்சாரம் வந்தால் என்ன செய்வது? மின்பொறியாளர் மட்டும் யோசித்தால் பேட்டரி என்பார், அல்லது அண்டை நாட்டுக்குக் கம்பி இழுக்கச் சொல்வார். வெப்பப் பொறியாளர் பக்கத்தில் இருந்தால், பெரிய தொட்டியில் தண்ணீரைச் சூடாக்கி வைக்கலாம், மின்சாரத்தைச் சேமிப்பதைவிட வெப்பத்தைச் சேமிப்பது பலமடங்கு மலிவு என்பார். இருவரும் ஒத்துக்கொண்ட பிறகும் 2020 வரை மூன்றாமவர் ஒரு தடையைக் காட்டிவந்தார்: மின்சாரத்தை வெப்பமாக்கினால் விழுந்த வரி, கட்டையை எரித்தால் விழவில்லை. தொட்டி கட்டுவதற்கு முன்னால் வரிச்சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. ஆல்போர்க்கில் ஹென்ரிக் லுண்ட் 1999-இலிருந்து வளர்த்தெடுத்த எனர்ஜிபிளான் என்ற கணினி நிரல் மின்சாரம், வெப்பம், போக்குவரத்து மூன்றையும் சேர்த்து ஒரு லீப் ஆண்டின் 8784 மணி நேரத்தையும் ஒவ்வொன்றாகக் கணக்கிடுகிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். மின்சாரத்தையும் வெப்பத்தையும் ஒரே கணக்காகப் பார்க்கும் பார்வைக்குத் தனியாக ஒரு துறை இருந்திருந்தால் அந்த நிரல் தேவைப்பட்டிருக்காது. இந்த மரபு பழையது. 1976-இல் அரசு அணுமின் நிலையங்களை உள்ளடக்கிய திட்டத்தை வெளியிட்டபோது, இயற்பியலாளர்களும் பொருளியலாளர்களும் கொண்ட ஒரு பல்கலைக்கழகக் குழு அணுசக்தி இல்லாத மாற்றுத் திட்டத்தை எண்களோடு முன்வைத்தது. 1985-இல் நாடாளுமன்றம் அணுமின்சாரத்தைத் திட்டத்திலிருந்தே நீக்கியது.

குழுவாகப் படித்தால் சோம்பேறி ஒருவர் மற்றவர் முதுகில் ஏறிப் பட்டம் வாங்கிவிடுவாரே என்ற எதிர்வாதம் நியாயமானது. டேனிஷ் அரசே 2006-இல் அந்த ஐயத்தில் குழு வாய்மொழித் தேர்வைத் தடை செய்தது. பல்கலைக்கழகங்கள் விடாமல் எதிர்த்தன. 2012-இல் தடை விலகியது. மதிப்பெண் அப்போதும் ஆளுக்கொன்றுதான். ஆனால் ஒருவர் சொல்லும் விடையை இன்னொருவர் மறுக்கவும் விரிக்கவும் முடிகிற அறையில்தான் புரிதலின் ஆழம் தெரியும் என்று ஆசிரியர்கள் வாதிட்டார்கள். நகலெடுத்த திட்ட அறிக்கைகள் கடைசிப் பருவத்தில் பைண்டிங் கடைகளில் குவிகிற ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இந்த வாதத்தின் எடை கூடுதலாகவே தெரியும். நம்மிடம் தேர்வு தனித்தனியாகத்தான் நடக்கிறது. அதனால் நேர்மை காக்கப்பட்டுவிடவில்லை.

சாம்சோ

ஹோவ் துறைமுகத்திலிருந்து தீவுக்குப் போகும் கப்பலில் உள்ளூர்க்காரர்கள் காப்பிக் கோப்பையோடு ஜன்னலோரம் உட்கார்ந்து எதுவும் பேசாமல் வருகிறார்கள். டேனியர்களின் மௌனம் விலகல் அல்ல, மரியாதை. சாம்சோ 114 சதுர கிலோமீட்டர், நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள். மேடும் பள்ளமுமான வயல், பூசணி, வெங்காயம், எல்லாவற்றுக்கும் மேலாக உருளைக்கிழங்கு. கோடைத் தொடக்கத்தில் தோண்டும் கோலியளவுக் கிழங்கைத் தோலோடு வேகவைத்து வெண்ணெயும் உப்பும் வெங்காயத்தாளும் சேர்த்துத் தருகிறார்கள். மசாலா ஒன்றும் இல்லை. மண்வாசனை நாக்கில் நிற்கிறது.

புதுப்பிக்கத்தக்க ஆற்றலால் மட்டுமே இயங்கும் தீவாக மாற யார் தயார் என்று 1997-இல் அரசு நடத்திய போட்டியில் சாம்சோ வென்றது. 2000-இல் நிலத்தில் 1 மெகாவாட் காற்றாலைகள் 11. 2003-க்குள் தெற்கே கடலில் 2.3 மெகாவாட் காற்றாலைகள் 10. அறுவடை முடிந்த வைக்கோலை உருளையாகக் கட்டி எரித்து ஊர்களுக்கு வெந்நீர் அனுப்பும் நிலையங்கள். இவற்றில் புதிய கண்டுபிடிப்பு ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் சந்தையில் கிடைத்தவை. கடினமாக இருந்தது வேறு. நிலக்காற்றாலைகளில் பெரும்பாலானவை தனித்தனி உழவர்களுடையவை. இரண்டு, ஊர் மக்கள் பங்கு வாங்கிய கூட்டுறவுகளுடையவை. கடலில் நிறுவியவற்றில் ஐந்தை உள்ளாட்சி வாங்கியது. கண்ணை உறுத்தும் காற்றாலை, தன் பணமும் அதில் இருக்கிறது என்றால் உறுத்துவதில்லை என்பதை முதலில் புரிந்துகொண்டு வீடுவீடாக ஏறி இறங்கியவர் சோரன் ஹெர்மன்சன். தீவில் பிறந்தவர், பள்ளியில் சுற்றுச்சூழல் கற்பித்தவர்.

2007-இல் பாலன் என்ற மீனவ ஊரில் திறந்த ஆற்றல் அகாதமிக்குப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். பட்டம் தரும் இடம் அல்ல அது. பொறியியல் மாணவர் தன் பாடநூலில் எங்கும் பார்க்காத ஒன்றை அங்கே பார்க்கலாம்: ஒரு வெந்நீர்க் குழாய்க்கு ஊரில் எத்தனை வீடு சேர்ந்தால் கட்டுப்படியாகும், சேராத வீட்டை எப்படிப் பேசிச் சேர்ப்பது, கொதிகலன் பழுது பார்ப்பவரின் பிழைப்பு என்னாகும். இவை பொறியியலுக்கு வெளியே இருக்கும் சமூகப் பிரச்சினைகள் என்று ஒதுக்குவதில்தான் நாம் தவறுகிறோம். எத்தனை வீடு சேரும் என்பது தெரியாமல் குழாயின் விட்டத்தைக்கூட முடிவு செய்ய முடியாது. சாம்சோவின் வெற்றி முழுமையானதும் அல்ல. கார்கள் பல இன்னும் பெட்ரோலில் ஓடுகின்றன. தீவின் கப்பல் 2015-இலிருந்து இறக்குமதி இயற்கை எரிவாயுவைத்தான் எரித்து வந்திருக்கிறது. கடற்காற்றாலைகள் தீவுக்கு வெளியே அனுப்பும் மின்சாரத்தைக் கழித்துத்தான் கணக்கு நேராகிறது. அந்தக் கணக்கு நியாயமா என்பதே ஒரு பருவம் முழுக்கப் படிக்க வேண்டிய கேள்வி.

சின்ன நாடு, பணக்கார நாடு, ஒரே மொழி, இங்கே நடந்தது எல்லா இடத்திலும் நடக்குமா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. உள்ளாட்சிக்கு வரி விதிக்கும் உரிமையும் கூட்டுறவின் நூற்றாண்டுப் பழக்கமும் இல்லாத இடத்தில் சாம்சோவை நகலெடுக்க முடியாது. ஆனால் அந்தக் காரணங்கள் கல்வியின் முறையை மறுப்பவை அல்ல. ஓர் ஊரின் சொத்துரிமையும் நிர்வாகமும் வேறு என்றால் மாணவர் படிக்க வேண்டியது அந்த வேறுபாட்டைத்தான்.

ரிசோ

பாலனிலிருந்து கிழக்கே கடல் தாண்டினால் சீலாந்து. ராஸ்கில்ட் நகருக்கு வடக்கே, அலையடிக்காத உள்கடலின் கரையில் புல்வெளிக்கு நடுவே ரிசோ வளாகம். நீல்ஸ் போரின் முயற்சியால் 1958-இல் அணு ஆய்வுக்காகத் திறந்த இடம். மூன்று ஆய்வு உலைகள் இயங்கின. 1978-இல் அதே வளாகத்தில் காற்றாலைச் சோதனை நிலையம் வந்தது. 2007-இல் முழு ஆய்வகமும் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. துறைகளைக் கடந்த கல்வி மாணவரை மேலோட்டமானவராக்கிவிடும் என்று அஞ்சுகிறவர்கள் இங்கே வர வேண்டும். ஓர் இறக்கை இருபது ஆண்டுக் காலத்தில் கோடிக்கணக்கான முறை வளைந்து நிமிர்கிறது. கண்ணாடி இழைகளைப் பிணைக்கும் பசை எந்த இடத்தில், எத்தனையாவது வளைவில் விட்டுப்போகும் என்பதற்கே வாழ்நாளைக் கொடுத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். இதைவிட ஆழம் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் அந்த ஆழத்துக்கான இடத்தைக் காட்டியது துறை அல்ல. 1979-இலிருந்து காற்றாலை வாங்குவோருக்கு அரசு தந்த மானியம், இந்த நிலையத்தின் ஒப்புதல் பெற்ற இயந்திரத்துக்குத்தான் கிடைத்தது. ஆகவே தச்சரும் கொல்லரும் சிறு பட்டறைக்காரரும் ஆய்வாளர் வாசலுக்கு வந்தார்கள். ஆய்வாளர்கள் உடைந்த இறக்கையைப் பார்க்க வயலுக்குப் போனார்கள். தனித்தனியே இயங்கும் இரண்டு பிரேக் வேண்டும் என்ற கட்டாயம் அந்த வயல்களிலிருந்து வந்ததுதான்.

1989-இல் ரிசோ வெளியிட்ட ஐரோப்பியக் காற்று வரைபட நூலின் முறையும் அப்படிப் பிறந்ததே. ஒரு கம்பத்தில் அளந்த காற்றிலிருந்து அருகிலுள்ள மரம், வீடு, மேடு இவற்றின் விளைவைக் கழித்துவிட்டு, வட்டாரத்துக்குப் பொதுவான காற்றைக் கண்டுபிடித்து, அதை இன்னோர் இடத்தின் மரத்தோடும் மேட்டோடும் மறுபடி கூட்டுவது. வானிலையும் கணிதமும் நில அளவையும் ஒரே தாளில். எங்கே காற்றாலை வைத்தால் கடன் அடையும் என்று கேட்ட உழவருக்குச் சொல்ல வேண்டிய பதில் அது. இன்று நாட்டின் மின்சாரத் தேவையில் பாதிக்கு மேல் காற்று தருகிறது.

ரிசோவுக்கும் நமக்கும் உறவு உண்டு. 1998-இல் சென்னையில் தொடங்கிய காற்றாற்றல் தொழில்நுட்ப மையமும், அதன் கயத்தாறு சோதனை நிலையமும் டேனிஷ் அரசின் உதவியோடும் ரிசோவின் தொழில்நுட்பத் துணையோடும் அமைந்தவை. இயந்திரத்தைச் சோதிக்கும் முறை அங்கிருந்து முழுமையாக வந்து சேர்ந்தது. கற்றுத்தரும் முறை வரவில்லை. முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் மே தொடங்கிச் செப்டம்பர் வரை காற்று கொட்டுகிறது. அதே மாதங்களில் சில நேரம் காற்றாலைகளை நிறுத்தி வைக்கவும் சொல்கிறார்கள். மீதமாகும் அந்த மின்சாரத்தில் தாமிரபரணிப் பாசன மோட்டார்கள் எத்தனை ஓடலாம், தூத்துக்குடி உப்பளத்துக்கும் மீன் ஐஸ் ஆலைக்கும் என்ன விலையில் கொடுக்கலாம், இலவச மின்சாரம் பெறும் உழவர் மோட்டாரைப் பகலிலிருந்து இரவுக்கு மாற்ற ஏன் சம்மதிப்பார்? மின்பொறியியல், வேளாண்மை, பொருளியல், சட்டம் எல்லாவற்றையும் தொடும் இந்தக் கேள்வியோடு ஆறு மாணவர்களைத் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் முழுக்கக் கயத்தாற்றில் தங்கவைக்கலாம். வேலைக்கு எடுப்பவர்கள் துறையின் பெயரைத்தானே பார்ப்பார்கள் என்றால், மதிப்பெண் பட்டியலில் அந்தப் பெயர் அப்படியே இருக்கட்டும். கேள்வியை மட்டும் பொதுவாக்கினால் போதும். அதற்குப் பல்கலைக்கழகம் முதலில் தீர்க்க வேண்டியவை சின்னச் சின்ன நிர்வாக விஷயங்கள்: ஆறு பேருக்கும் ஒரே திட்டப்பணி என்பதை நான்கு துறைகளின் பாடக்குழுவும் ஏற்க வேண்டும்; வழிகாட்டும் ஆசிரியருக்கு அந்த மாதங்கள் பணிநேரமாகக் கணக்கில் வர வேண்டும்; பருவத் தேர்வு கால அட்டவணை காற்று வீசும் மாதங்களில் குறுக்கே வராமல் இருக்க வேண்டும்.